கோவைப்பழம் தெரிந்தது, காவிக்கல் தெரியவில்லை: நிறக்குறைக் கண்ணாடி போட்டுப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எனக்குக் காவியும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. செய்வதோ ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் வண்ணச் சிமெண்ட் கல்) வியாபாரம். சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள்; நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். கல் அடுக்கியிருக்கும் இடத்தை வைத்தும், பின்பக்கம் சாக்பீஸில் எழுதியிருப்பதை வைத்தும், பட்டறை ஆட்களைக் கேட்டும் இருபது வருடம் ஓட்டிவிட்டேன். போன வருடம் தேவகோட்டையில் ஒரு பழைய வீட்டின் பட்டாலைத் தரைக்குக் கரை போடக் காவிக்கல் அனுப்பினோம். அதில் இரண்டு அடுக்கு பச்சை போய்விட்டது. கொத்தனார் போனில் கேட்டார்: "அண்ணே, கரையில பாதி காவியா வருது, பாதி பச்சையா வருது. இதான் டிசைனா?"

அன்று ராத்திரியே நிறக்குறைக் கண்ணாடிக்கு, அதாவது என்னைப் போன்றவர்களுக்கு நிறத்தைப் பிரித்துக் காட்டும் என்று விற்கிற கண்ணாடிக்கு, ஆர்டர் போட்டேன். ராத்திரியில், எரிச்சலில், போனில் பார்த்த ஒரு வீடியோவை நம்பி. பல ஆயிரம் ரூபாய்ச் சாமானை வாங்க இதைவிட மோசமான நேரம் கிடையாது. அதன்பிறகு ஒவ்வொன்றாகச் செய்த தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். கண்ணாடி வீண் என்று சொல்ல வரவில்லை. எனக்கு அது ஒரு வேலைக்கு உதவியது. வாங்கியது எந்த வேலைக்கோ, அதற்கு உதவவில்லை.

அழுகிற வீடியோ

பார்த்திருப்பீர்கள். பிறந்தநாளுக்கு வீட்டார் ஒரு பெட்டியைக் கொடுப்பார்கள். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வானத்தையும் பலூன்களையும் பார்த்துவிட்டு அழுவார். சுற்றி நிற்பவர்களும் அழுவார்கள். அது நடிப்பு என்று சொல்லமாட்டேன். பல வருடம் ஒன்றாகத் தெரிந்த இரண்டு பொருள் சட்டென்று வேறு வேறாகத் தெரிந்தால் யாருக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் அந்த வீடியோவில் நல்ல வெயில் இருக்கிறது, அடிக்கும் நிறத்தில் பலூன் இருக்கிறது, எதிர்பார்ப்பு இருக்கிறது. போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று கழற்றி வைத்தவர்களை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு போட்டுப் பார்ப்பதும் இதே தவறின் தொடர்ச்சிதான். நான் அப்படித்தான் செய்தேன். அக்கா, அத்தான், அவர்கள் பிள்ளைகள், அம்மா எல்லோரும் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது "பெரிதாக ஒன்றும் இல்லை" என்று சொல்ல வாய் வராது. "ஆமா, நல்லாத் தெரியுது" என்றேன். உடனே ஆரம்பித்தது பரீட்சை. இது என்ன கலர், அது என்ன கலர், அக்கா கட்டியிருக்கும் கண்டாங்கியின் கரை என்ன கலர்? அரக்கு என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். கண்டாங்கியில் கரை பெரும்பாலும் அரக்காகத்தான் இருக்கும் என்று ஊருக்கே தெரியும். அதைச் சொல்ல எனக்குக் கண்ணாடி எதற்கு?

முதல் தடவை தனியாகப் போட்டுப் பாருங்கள். அல்லது வாயை மூடிக்கொண்டு கூட உட்காரத் தெரிந்த ஒருவரோடு.

கண்ணாடி எதையும் கொடுப்பதில்லை, எடுக்கிறது

இது புரிந்துவிட்டால் பாதித் தவறுகள் தானாக நின்றுவிடும். எனக்கு இதைப் புரியவைத்தது கானாடுகாத்தானில் ஒரு பழைய வீடு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் சன்னலுக்கும் கதவுக்கும் மேலே வண்ணக் கண்ணாடி பதித்திருப்பார்கள். அங்கே ஒரு சிவப்புக் கண்ணாடி வழியாகத் தோட்டத்தைப் பார்த்தேன். இலைகள் எல்லாம் கறுத்துப் போயின, ஓடு மட்டும் வெளுத்துப் பளிச்சென்று நின்றது. அந்தக் கண்ணாடி ஓட்டுக்கு எந்த நிறத்தையும் பூசவில்லை. இலையிலிருந்து வரும் வெளிச்சத்தை வரவிடாமல் தடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

நிறக்குறைக் கண்ணாடியும் இதே குடும்பம்தான், கொஞ்சம் நுட்பமான பிள்ளை. நம் விழித்திரையில் நிறம் பார்க்க மூன்று வகைக் கூம்புச் செல்கள் இருக்கின்றன. ஒன்று ஏறத்தாழ 560 நானோமீட்டர் அலைநீள ஒளிக்கு அதிகமாக எழும், ஒன்று 530க்கு, மற்றொன்று 420ஐ ஒட்டிய நீலத்துக்கு. முதல் இரண்டையும் சிவப்புக் கூம்பு, பச்சைக் கூம்பு என்பார்கள்; அவை சாதாரணக் கண்ணிலேயே நெருங்கிய அண்டை வீட்டார். அந்த இரண்டும் அனுப்பும் செய்தியில் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை சிவப்பு, பச்சை என்று பிரிக்கிறது. எனக்கு இருக்கும் வகையில் பச்சைக் கூம்பு தன் இடத்திலிருந்து நகர்ந்து சிவப்புக் கூம்பின் பக்கமாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே செய்தியைச் சொல்லும். மூளை என்ன செய்யும்?

இரண்டும் மோதிக்கொள்ளும் இடங்களில் ஒன்று 580, 590 நானோமீட்டர் பக்கம், மஞ்சள் பகுதி. அந்தத் துண்டை மட்டும் கண்ணாடி வெட்டி எடுத்துவிடுகிறது. மிச்சமுள்ள ஒளியில் இரண்டு கூம்புகளின் செய்தியும் கொஞ்சம் விலகும், சிவப்பும் பச்சையும் ஓரளவு எட்டி நிற்கும். இந்த வகைக் கண்ணாடி வந்த கதையே சுவையானது. டான் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கர், லேசர் அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர்களின் கண்ணைப் பாதுகாக்கக் கண்ணாடி செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் விளையாட்டு மைதானத்தில் நிறக்குறை உள்ள நண்பர் ஒருவர் அதை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, தரையில் வைத்திருந்த ஆரஞ்சு நிற அடையாளக் கூம்புகள் தெரிகின்றன என்று ஆச்சரியப்பட்டாராம். அதிலிருந்து வளர்ந்ததுதான் 2010இல் தொடங்கிய என்குரோமா நிறுவனம்.

ஒரு துண்டு ஒளியை எடுத்தால் ஒரு நிறச் சிக்கல் தீரும், வேறொன்று முளைக்கும். எனக்கு மஞ்சள் கல் எப்போதும் நன்றாகத் தெரியும். கண்ணாடி போட்டதும் அது மங்கிவிட்டது. ஸ்பெயினில் கிரனடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2018இல் நிறக்குறை உள்ள 48 பேரை வைத்து என்குரோமா கண்ணாடியைச் சோதித்து வெளியிட்ட கட்டுரையும் இதைத்தான் சொன்னது: நிறங்கள் வேறு மாதிரித் தெரிகின்றன, ஆனால் சாதாரண நிறப் பார்வை வந்துவிடுவதில்லை.

எந்த வகை என்று தெரியாமல் வாங்குவது

எங்கள் கல்லை ஏற்றிப்போகும் வேன்கார நண்பர் ஒருவருக்கும் நிறக்குறை உண்டு. என் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, "வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கு, வேற ஒண்ணும் இல்லண்ணே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கு அடர் சிவப்பு கறுப்பாகத் தெரியும். எனக்கு அப்படி இல்லை. "சிவப்பு-பச்சை நிறக்குருடு" என்று ஒரே பெயரில் நாம் சொல்வதற்குள் குறைந்தது நான்கு வகை அடங்கியிருக்கிறது: சிவப்புக் கூம்பு இடம் மாறியவர், அது அறவே இல்லாதவர், பச்சைக் கூம்பு இடம் மாறியவர், அது அறவே இல்லாதவர். கூம்பு இடம் மாறியவருக்குத்தான் இந்தக் கண்ணாடி ஏதாவது செய்யும். ஒரு கூம்பே இல்லையென்றால் விலக்கி வைக்க இரண்டாவது செய்தி எங்கே இருக்கிறது? நீலம்-மஞ்சள் குழப்பம் தனி. அது அபூர்வம், அதற்கு இந்தக் கண்ணாடி பொருந்தாது.

வகையைத் தெரிந்துகொள்ளப் பலரும் போனில் புள்ளிப் படங்களைப் பார்த்துவிட்டு முடிவு கட்டுகிறார்கள். ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட படங்கள் அவை. ஒவ்வொரு போன் திரையும் ஒவ்வொரு மாதிரி நிறம் காட்டும். இரவில் கண் கூசாமலிருக்கத் திரையை மஞ்சளாக்கி வைத்திருந்தால் சுத்தம். அச்சிட்ட புத்தகத்தைப் பகல் வெளிச்சத்தில் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் புத்தகமும் வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுத்துப்போனால் பயனில்லை. எல்லாம் சரியாக இருந்தாலும் அந்தப் படங்கள் குறை இருக்கிறதா என்று காட்டுமே தவிர, எவ்வளவு என்பதைத் துல்லியமாகக் காட்டாது. நீலம்-மஞ்சள் குறையை அவை பிடிப்பதே இல்லை. சின்னச் சின்ன வண்ண மூடிகளை வரிசையாக அடுக்கச் சொல்லும் சோதனையும் சேர்த்துச் செய்துகொள்வது நல்லது. பெரிய கண் மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு அது மதுரை. ஒரு நாள் வேலை கெடும். அந்தக் கண்ணாடிக்குப் போகும் பணத்தோடு பார்த்தால் அது ஒன்றும் பெரிதில்லை.

குடும்பத்தில் வேறு யாருக்கு உண்டு என்று விசாரிப்பதும் உதவும். சிவப்பு-பச்சைக் குறை எக்ஸ் குரோமோசோமில் வருவது. என் அம்மாவைப் பெற்ற ஐயாவுக்கு இருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் அம்மா வழியாக எனக்கு வந்தது. அக்காவுக்குத் தெரியாமல் அக்கா வழியாக அவள் மகனுக்குப் போயிருக்கிறது. தாய்மாமன் சீரில் இதையும் சேர்த்துவிட்டேன் என்று அத்தான் கிண்டல் செய்வார். இப்படி ஒரே தாய்வழியில் வந்திருந்தால் பெரும்பாலும் வகையும் ஒன்றாகவே இருக்கும். அதனால் மாமனுக்குப் பயன்பட்டதா என்று பார்த்துவிட்டு மருமகனுக்கு வாங்கலாம். வடக்கு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு 8 பேருக்கு இந்தக் குறை உண்டு, பெண்களில் இருநூற்றுக்கு ஒருவருக்கு. அந்த ஏற்றத்தாழ்வுக்கும் இதே எக்ஸ்தான் காரணம்.

டியூப் லைட்டுக்கு அடியில் தீர்ப்பு

எனக்குப் பார்சல் வந்தது சாயங்காலம். குடோனிலேயே பிரித்து, டியூப் லைட் வெளிச்சத்தில் காவிக்கல்லையும் பச்சைக்கல்லையும் பார்த்தேன். இரண்டும் எப்போதும்போல் அண்ணன் தம்பியாகவே இருந்தன, இருட்டு மட்டும் கூடியிருந்தது. பணம் போச்சு என்று நினைத்தேன்.

கண்ணாடியின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. வெயிலில் எல்லா அலைநீளமும் தொடர்ச்சியாக இருக்கிறது. கண்ணாடி ஒரு துண்டை வெட்டினால் வித்தியாசம் தெரியும். டியூப் லைட் வெளிச்சம் அப்படித் தொடர்ச்சியானதல்ல, சில அலைநீளங்களில் மட்டும் குத்திட்டு நிற்பது. கண்ணாடி வெட்டும் இடத்தில் வெட்ட அதிகம் இருக்காது. தெருவில் பழைய மஞ்சள் சோடியம் விளக்கு இருந்தால் நேர்மாறு: அதன் வெளிச்சத்தின் பெரும்பகுதி இந்தக் கண்ணாடி தடுக்கும் இடத்தைச் சுற்றியே இருக்கிறது. போட்டுக்கொண்டு நடந்தால் மின்சாரம் போன மாதிரி இருக்கும்.

விளக்கு மாறினால் நிறம் மாறும் என்பது இந்தக் குறையைப் பற்றிய ஆதிக் கதையிலேயே இருக்கிறது. வேதியியலாளர் ஜான் டால்டன் பகலில் ஒரு ஜெரேனியம் பூவைப் பார்த்தார், நீலமாகத் தெரிந்தது. அதே பூ மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்தது. மற்றவர்களுக்கு அப்படி இல்லை என்று அறிந்து, தன் கண்ணைப் பற்றியே 1794இல் ஒரு கட்டுரை வாசித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நீலமாக இருக்க வேண்டும், அதுவே ஒளியை வடிகட்டுகிறது என்பது அவர் கணிப்பு. 1844இல் இறந்தபின் கண்ணை அறுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். பார்த்தார்கள், நீர்மம் தெளிவாகத்தான் இருந்தது. பத்திரப்படுத்தியிருந்த அந்தக் கண்ணின் டிஎன்ஏவை 1995இல் சோதித்தபோது, அவருக்குப் பச்சைக் கூம்பு இல்லை என்று தெரிந்தது. கண்ணுக்குள் தவறான கண்ணாடி ஒன்று இருக்கிறது என்று வாழ்நாள் முழுக்க நம்பிய மனிதர்.

மறுநாள் காலை பத்து மணி வெயிலில் அதே கண்ணாடியோடு குடோனுக்குப் பின்பக்கம் போனேன். வேலியில் ஒரு கோவைக்கொடி ஏறிக் கிடக்கிறது. அதில் பழம் பழுத்திருப்பதைக் கிளி வந்து கொத்தும்போதுதான் நான் கவனிப்பேன். இலையோடு இலையாகக் கலந்து கிடக்கும். அன்றைக்கு ஏழெட்டுப் பழம் இலைக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. கண்ணாடியைக் கழற்றினேன், இலைக்குள் போய்விட்டது. போட்டேன், வந்தது. நான் அழவில்லை. ஆனால் பத்துப் பதினைந்து தடவை கழற்றிக் கழற்றிப் போட்டேன்.

செட்டிநாட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, முற்றம் இருக்கிறது. மேலே வானம், கீழே சோதனை மேடை. வாசலில் காயும் மிளகாய், கொடியில் கிடக்கும் சேலை, சாயம் போட்ட ஓலைக் கொட்டான் எல்லாவற்றையும் முற்றத்து வெயிலில் ஒருமுறை, உள்கட்டில் விளக்கைப் போட்டு ஒருமுறை பாருங்கள். உங்கள் தொல்லை பெரும்பாலும் உள்ளேயா வெளியேயா என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பயன்படுத்த வெளிர் சாயம் போட்ட வகை தனியாக வருகிறது. வெயிலுக்குச் செய்ததை வீட்டுக்குள் போட்டுவிட்டு ஏமாந்தேன் என்று சொல்லக்கூடாது, நான் சொன்னேன்.

தெரிந்த பொருளை வைத்துச் சோதிப்பது

தக்காளி சிவப்பு, வாழையிலை பச்சை, மருதாணி வைத்த கை சிவப்பு. இவற்றைப் பார்த்து நிறம் சொல்வது நினைவுதான், பார்வை இல்லை. பெயர் தெரிந்தால் நிறமும் தெரிந்த மாதிரி மூளை நம்மை ஏமாற்றிவிடும். அதுவும் பணம் கொடுத்து வாங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் நானும் அக்கா மகளும் ஒரு சோதனை செய்தோம். பட்டறையில் உடைந்த கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆத்தங்குடிக் கல்லையே கண்ணாடியின் மேல்தான் வார்ப்பார்கள்: அடியில் கண்ணாடிப் பலகை, அதன்மேல் அச்சு, அச்சின் கட்டங்களுக்குள் கரண்டியால் சாயம் கலந்த சிமெண்ட் குழம்பு, அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமெண்டும். தண்ணீரில் ஊறவைத்து எடுத்துக் கண்ணாடியைப் பிரித்தால் முகம் பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பும் எனக்கு ஒரு குறிப்பாகிவிடக்கூடாது என்று முகம் தேய்ந்த துண்டுகளாகப் பொறுக்கினோம். ஈரம் இருந்தால் நிறம் அடர்ந்துவிடும் என்று எல்லாவற்றையும் காயவைத்தோம். பத்து காவி, பத்து பச்சை. அவள் கலைத்து ஒவ்வொன்றாக வைத்தாள். நான் சொல்வதை எழுதிக்கொண்டாள். சரியா தவறா என்று முகத்தில் காட்டக்கூடாது என்பது விதி. அதற்குத்தான் அவளை மிரட்ட வேண்டியிருந்தது.

கண்ணாடி இல்லாமல், வெயிலில்: இருபதுக்கு 13. கண்ணாடியோடு, குடோன் டியூப் லைட்டில்: 12. கண்ணாடியோடு, வெயிலில்: 16. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பத்து சரியாக வரும் என்பதை மறக்கக்கூடாது. ஆக 12, 13 என்பதெல்லாம் ஏறத்தாழக் குருட்டாம்போக்கு. 16 பரவாயில்லை. ஆனால் நான்கு கல் தவறாகப் போனால் கொத்தனார் மறுபடியும் போன் செய்வார்.

இன்னொன்றும் கவனித்தேன். வெயிலில் சொன்னபோது காவி காவியாகத் தெரிந்து சொல்லவில்லை; பச்சையைவிட ஒரு சாயல் தூக்கலாகத் தெரிந்தது, அதை வைத்துச் சொன்னேன். பயன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் "நிறம் தெரிகிறது" என்பதும் "வித்தியாசம் தெரிகிறது" என்பதும் ஒன்றல்ல. கோவைப்பழம் ஏன் தெரிந்தது, கல் ஏன் தெரியவில்லை என்றால், பழம் அடிக்கும் சிவப்பு, கல்லில் இருப்பது சிமெண்டில் கரைந்து சாம்பல் ஏறிய சிவப்பு. மங்கிய நிறங்களில் கண்ணாடிக்கு வேலை குறைவு.

நீங்கள் கல்லைத் தேட வேண்டாம். உங்களுக்கு எது தொல்லையோ அதையே இருபது எடுத்துக்கொள்ளுங்கள். தறிக்காரர் என்றால் நூல்கண்டு, எலக்ட்ரீஷியன் என்றால் ஒயர்த் துண்டு, சேலைக் கடையில் நிற்பவர் என்றால் வெட்டுத்துணி. இடம், ஈரம், மணம், கனம் எதுவும் காட்டிக்கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். அந்த நாள் எத்தனை, பிரித்தபின் எடுத்துக்கொள்வார்களா, பவர் போட்டுச் செய்ததை எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.

புள்ளிப் படத்தில் நம்பர் தெரிந்துவிட்டது, அப்ப வேலை கிடைக்குமா?

அத்தானுக்கு இந்த ஆசை. மருமகன் ஒன்பதாம் வகுப்பு. ரயில் ஓட்ட வேண்டும் என்பான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இஷிஹாரா படத்தைப் பார்த்தான், முன்பு தெரியாத ஒரு எண் தெரிந்தது. "மாப்ளே, இது போதுமே!" என்று அத்தான் கையைப் பிடித்துக்கொண்டார்.

போதாது. அந்தப் படங்கள் சாதாரணக் கண்ணுக்கும் குறையுள்ள கண்ணுக்கும் ஏற்றபடி புள்ளிகளின் நிறத்தை அளந்து அச்சிட்டவை. நடுவில் ஒரு வண்ணக் கண்ணாடி வந்தால் அந்த அளவு கெட்டுவிடும், சில புள்ளிகள் வெளுத்தும் சில கறுத்தும் போகும், எண் வெளியே வந்துவிடும். வெறும் சிவப்புத் தாளை வைத்துப் பார்த்தாலே சில படங்களில் எண் தெரியும். அதற்காகச் சிவப்புத் தாள் யாருடைய கண்ணையும் குணப்படுத்தியது என்று சொல்ல முடியுமா? ஒரு கண்ணில் மட்டும் போடும் சிவப்பு கான்டாக்ட் லென்ஸ் 1970களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அப்போதிருந்தே இந்த மயக்கமும் இருக்கிறது. படத்தில் தேறினால் கண்ணாடி புள்ளிப் படத்துக்கு நல்லது என்று மட்டும்தான் அர்த்தம்.

ரயில்வேயில் இஞ்சின் ஓட்டுபவர்களுக்கு உள்ள மருத்துவத் தகுதி மிகக் கடுமையானது, நிறப் பார்வை அதில் கட்டாயம். அதற்குப் பழைய காரணம் உண்டு. 1875இல் சுவீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன. அதற்கு நிறக்குறை காரணமாக இருக்கலாம் என்று கருதிய ஹோல்ம்கிரென் என்ற பேராசிரியர், அதன்பின் சாயம் போட்ட கம்பளி நூல்களைக் கொடுத்து, ஒத்த நிறத்தைப் பொறுக்கி எடுக்கச் சொல்லி ரயில் ஊழியர்களைச் சோதித்தார். (நம் கண்டாங்கித் தறிக்காரர்கள் அதில் தூள் கிளப்பியிருப்பார்கள்.) விமானம் ஓட்டுவதற்கும் இப்படியே. அமெரிக்க விமானத் துறை இந்த மாதிரி லென்ஸ்களை ஏற்பதே இல்லை. மருத்துவப் பரிசோதனைக்குக் கண்ணாடியை ஒளித்துக்கொண்டு போவது, கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு போவது எல்லாம் வேண்டாத வேலை. பிடிபட்டால் அவமானம், பிடிபடாவிட்டால் ஆபத்து.

வழி எல்லாம் அடைபட்டுவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். சாதாரண ஓட்டுநர் உரிமத்தில் லேசான, நடுத்தர நிறக்குறை தடையில்லை என்று 2020 ஜூனில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. நிறக்குறையைக் காட்டி மாணவர்களை ஒதுக்கக்கூடாது என்று புனே திரைப்படக் கல்லூரி விஷயத்தில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, விண்ணப்பம் போட்டு, மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வருவதைவிட, ஒன்பதாம் வகுப்பிலேயே பையனிடம் பேசிவிடுவது மேல். பேசினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சில சில்லறைத் தவறுகள்

ராத்திரி வண்டி ஓட்டும்போது போடாதீர்கள். வெயில் வகை, அடர்ந்த கூலிங் கிளாஸ் அளவுக்கு வெளிச்சத்தைக் குறைக்கும். சிக்னலுக்கு இது தேவையும் இல்லை: நட்டுக்குத்தாக நிற்கும் சிக்னலில் பொதுவாகச் சிவப்பு மேலே, பச்சை கீழே.

பவர் உள்ளவர்கள் பவர் இல்லாத கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு "மங்கலாக இருக்கிறது" என்று குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன். பவர்க் கண்ணாடிக்கு மேலே மாட்டுகிற வகையில் முதலில் சோதித்துவிட்டு, பிறகு பவர் போட்டுச் செய்துகொள்ளலாம்.

சிவப்பு அல்லது இளஞ்சிவப்புச் சாயம் மட்டும் போட்ட மலிவுக் கண்ணாடியும் இதே பெயரில் விற்கிறது. அது மேலே சொன்ன சன்னல் கண்ணாடிதான், ஃபிரேம் போட்டது.

ஒரே நாளில் தூக்கி எறிவதும் தவறு. அமெரிக்க, பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 2020இல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வில், கூம்பு இடம் மாறிய வகையினர் சில நாட்கள் தொடர்ந்து அணிந்தபின், கண்ணாடியைக் கழற்றியபோதும் சிவப்பு-பச்சை வித்தியாசம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது என்று கண்டார்கள். குணமாகிவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் பகலில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்க அது போதுமான காரணம். நான் மூன்றாம் நாளே மேசைக்குள் போட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்தேன்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் விளையாடக்கூடாது. நான் சொன்னதெல்லாம் பிறவியிலேயே வருவது. அது கூடாது, குறையாது, இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி இருக்கும். நேற்றுவரை தெரிந்த நிறம் இன்றைக்கு மங்கினால், ஒரு கண்ணில் மட்டும் மங்கினால், அது வேறு விஷயம். காசநோய்க்குத் தரும் எத்தாம்பியூட்டால் மாத்திரை சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். சிவப்பு-பச்சை மங்குவது அதன் முதல் அடையாளங்களில் ஒன்று. கண் நரம்பு வீக்கத்திலும் சிவப்பு வெளுக்கும். வயதானவர்களுக்குப் புரை வளர வளர நீலம் மங்கி எல்லாமே பழுப்பேறித் தெரியும். எங்கள் தெருவில் ஒரு ஆச்சி, கோலப்பொடி மஞ்சளாக வருகிறது, கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்று சண்டைக்குப் போனார். ஒரு கண்ணில் புரை எடுத்த பிறகு, "இவ்வளவு வெள்ளையா இது!" என்று ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவர்கள் போக வேண்டியது மருத்துவரிடம், ஆன்லைன் கடைக்கு இல்லை.

குடோனில் இப்போது கல்லுக்குப் பின்னால் சாக்பீஸோடு நிற்காமல் பெயிண்டால் ஒரு எழுத்து போடுகிறோம்: கா, ப, ம. அவசரத்துக்குப் போன் கேமராவில் நிறம் சொல்லும் ஆப் இருக்கிறது, அது என் கண்ணைவிட எவ்வளவோ தேவலை. அக்கா மகள் மருதாணிக் கையை நீட்டி, "சிவந்திருக்கா மாமா?" என்று கேட்டால் முற்றத்துக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பதில் சொல்கிறேன். மற்ற நேரங்களில் அது குடோன் சன்னலில், கோவைக்கொடி தெரியும் பக்கமாக இருக்கிறது.